வக்கீலா இல்லாதவங்களால என்ன பிரயோஜனம்?

கேள்வி: இலவச சட்ட உதவி மையத்துல வக்கீலுக்குப் படிக்காத தன்னார்வலர்கள் உட்கார்ந்திருக்காங்களே, அவங்களால என்ன பிரயோஜனம்?
– வாசகி, சேலம்

பதில்: நிறைய இருக்குங்க. 1987ஆம் வருஷ சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்கள், குழந்தைங்க, எஸ்சி, எஸ்டி மக்கள், காவல்ல இருக்கறவங்க இவங்களுக்கெல்லாம் வருமானம் பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு, ஆனா அது நிறைய பேருக்குத் தெரியாது, தெரிஞ்சாலும் கோர்ட் வாசலைப் பார்த்தாலே பயம், அங்கதான் இந்த பாரா லீகல் வாலண்டியர்ஸ் மனு எழுத உதவி பண்ணி, என்னென்ன பேப்பர் வேணும்னு சொல்லி, இலவச வக்கீலை ஏற்பாடு பண்ற தாலுகா சட்டப்பணிகள் குழுவுக்குக் கூட்டிட்டுப் போறாங்க. ஜெயில்ல இருக்கறவங்களுக்கு உதவவும் போறாங்க. வாதாட முடியாதுதான், ஆனா அழுதுட்டே வர்றவங்க சொல்றதை அவசரப்படாம முழுசா கேக்க ஒரு ஆள் வேணுமில்லையா? அவங்களுக்குக் கிடைக்கறது சின்ன மதிப்பூதியம்தான், அதைக் கண்டிப்பா கூட்டணும். உங்களுக்கு உதவி வேணும்னா 15100க்கு போன் பண்ணுங்க.