சிட்டுக்குருவி: கேட்டதும் சொன்னதும்

கே: ஆண், பெண் எப்படி அடையாளம் காண்பது?

ஆணுக்கு உச்சந்தலை சாம்பல், கண்ணோரம் செம்பழுப்பு, தொண்டையில் கருப்பு. பெண்ணுக்கு அந்தக் கருப்பு கிடையாது. கண்ணுக்குப் பின்னால் வெளிர்பட்டை ஒன்று ஓடும்.

அந்தத் தொண்டைக் கருப்பைப் பொறுமையாகக் கவனியுங்கள். பழைய இறகு உதிர்ந்து புதுசு முளைத்ததும் அது மங்கலாகத்தான் தெரியும், ஏனென்றால் ஒவ்வொரு இறகின் நுனியிலும் வெளிறிய விளிம்பு இருக்கும். மாதம் போகப்போக விளிம்பு தேய்ந்து, அடியில் ஒளிந்திருந்த கருப்பு வெளியே வரும். கூடு கட்டும் காலத்தில் தொண்டை முழுக்கக் கருத்து, அலகும் கருத்துவிடும். புது இறகு ஒன்றுகூட முளைக்காமலே இந்த அலங்காரம். எத்தனை வருடம் பார்த்தாலும் எனக்கு அலுக்கவில்லை.

கே: கீழே விழுந்த குஞ்சைத் தொட்டுவிட்டேன். மனித வாடை பட்டால் தாய் சேர்க்காதாமே?

சேர்க்கும். இறகு முளைக்காத குஞ்சு என்றால் கூட்டிலேயே வைத்துவிடுங்கள். இறகு முளைத்துத் தத்தித் தாவினால் அது கூட்டை விட்டுக் கிளம்பிய குஞ்சு. பக்கத்துச் செடியில் ஏற்றிவிட்டு விலகி நில்லுங்கள், தாயோ தகப்பனோ வந்து ஊட்டும். வாயில் தண்ணீர் மட்டும் ஊற்றாதீர்கள். மூச்சுக்குழலின் வாய் நாக்குக்குப் பின்னாலேயே இருக்கிறது. ஒரு சொட்டு உள்ளே போனாலும் செத்துப்போகலாம்.

கே: ஜன்னல் கண்ணாடியைக் கொத்திக்கொண்டே இருக்கிறது.

தன் உருவத்தைப் போட்டிக்கு வந்த இன்னொரு குருவி என்று நினைக்கிறது. வெளிப்பக்கம் துணி தொங்கவிடுங்கள்.

கே: மண்ணில் புரளுகிறது. நோயா?

இல்லை, புழுதிக் குளியல். இறகு பராமரிப்பு.

கே: என் புறாவுக்குக் கழுத்து திரும்பிக்கொண்டது. என்ன மருந்து?

அது என் துறை இல்லை. இன்றைக்கே பறவை மருத்துவரிடம் காட்டுங்கள்.

கே: குருவி குறைந்ததற்கு செல்போன் கோபுரம்தானே காரணம்?

அப்படிச் சொல்ல ஆதாரம் போதாது. பிரிட்டனில் 1970களின் பிற்பகுதியிலேயே எண்ணிக்கை சரியத் தொடங்கிவிட்டது. அங்கே செல்போன் சேவை வந்ததே 1985இல்தான்.

கே (அதே நண்பர்): பெல்ஜியத்தில் 2007இல் வந்த ஆய்வைப் படித்தீர்களா?

படித்தேன். செல்போன் கோபுர அலையின் வலிமை கூடுதலான இடங்களில் ஆண் குருவிகள் குறைவாகத் தென்பட்டன என்கிறது அது. இரண்டும் ஒரே இடத்தில் இருப்பதால் ஒன்று மற்றதற்குக் காரணம் ஆகிவிடாது. நெருக்கமான கட்டடமும் செடியில்லாத தரையும்கூட அதே இடத்தில் இருக்கலாம்.

கே (மீண்டும் அவரே): அப்படியானால் எதுதான் காரணம்?

குஞ்சுக்குப் புழு இல்லை. தானியம் தின்னும் பறவை என்று நாம் நினைக்கிறோம். பெரிய குருவிக்கு அது சரி. பிறந்த முதல் சில நாட்கள் குஞ்சுக்கு அசுவினி (செடிச் சாற்றை உறிஞ்சும் சிறுபூச்சி), கம்பளிப்புழு, சிலந்தி இவைதான் சாப்பாடு. இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் கூடுகளை ஆராய்ந்தபோது, பூச்சி கிடைக்காமல் தாவர உணவு அதிகம் ஊட்டப்பட்ட குஞ்சுகள் கூடுதலாகச் செத்தது தெரிந்தது. கூடு கட்டப் பொந்தும் இல்லை. வழவழப்பான சுவரில் எங்கே நுழையும்? கோபுரத்தைத் திட்டிவிட்டு அதே கையால் செடிக்கு மருந்தடிக்கிறோம். அதுதான் எனக்கு ஆற்றாமை. மருந்தை நிறுத்துவது உங்கள் கையில் இருக்கிறது. இந்த விவாதம் போதும், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

கே: எத்தனை முட்டை? எத்தனை நாள்?

ஒரு ஈட்டுக்குப் பெரும்பாலும் 4, 5. அடை 11 முதல் 14 நாள். குஞ்சு பறக்க இன்னும் இரண்டு வாரம்.

கே: குஞ்சு கிடைத்தது, பாலாடையில் தண்ணீர் கொடுக்கலாமா?

மேலே சொல்லியிருக்கிறேன். கூடாது. பாலும் கூடாது.

கே: டவர் கதிர்வீச்சு பற்றி...

மேலே படியுங்கள்.

கே: குருவிக்குக் கூட்டுப்பெட்டி மாட்டி ஆறு மாதம். ஒன்றும் வரவில்லை.

துளை 32 மில்லிமீட்டர் இருக்கிறதா? வாசலில் குச்சி வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள்; குருவிக்கு அது வேண்டாம், திருட வரும் பறவைக்குத்தான் வசதி. உச்சிவெயில் படாத சுவரில், இரண்டு மீட்டருக்கு மேலே மாட்டுங்கள். கூட்டமாக வாழும் பறவை, அதனால் பக்கத்திலேயே இரண்டு மூன்று பெட்டி நல்லது. அருகில் குருவிச் சத்தம் கேட்கிறதா என்று விடியற்காலையில் கவனியுங்கள். பிறந்த இடத்தை விட்டு அதிக தூரம் போகாத பறவை இது. சத்தம் கேட்டால் இன்னொரு கூடு கட்டும் காலம் வரை பெட்டியைக் கழற்றாதீர்கள்.