மந்திரவாதி குடும்பத்த வச்சு எழுதுற குட்டி ஃபேன் ஃபிக்‌ஷன் கதைங்கள்ல அப்படி என்ன இருக்கு?

சண்டையே இல்லாம சமையல், புள்ள வளர்ப்புன்னு போற கதைய எப்படி ரசிக்கிறீங்கன்னு கேட்டிருக்கீங்க. எனக்கு அதுதான் மேட்டரே. ஃபேன் ஃபிக்ஷன்னா ஏற்கனவே வந்த ஒரு கதையோட ஆளுங்கள வச்சு ரசிகருங்களே எழுதுற கதை. மூலக் கதை போர் முடிஞ்சதும் நின்னுடும், அப்புறம் அந்த வீரன் ராத்திரி அழுற கொழந்தைய எப்படி தூங்க வைப்பான்னு ஃபேன் ரைட்டர்தான் யோசிக்கிறாங்க, ஆளுங்கள நமக்கு ஏற்கனவே தெரியும்ங்கறதால அறிமுகமே வேணாம், அதனாலதான் ட்ராபிள்னு (drabble) சொல்ற சரியா 100 வார்த்தைக் கதைகூட நல்லா நிக்குது. நான் ஃபாலோ பண்ற ஒருத்தங்க கதைல டிராகன அடக்குன அம்மாவுக்கு பொண்ணுக்கு தலை பின்னத் தெரியல, மந்திரம் போட்டா முடி பாம்பாயிடுது (வயிறு வலிக்க சிரிச்சேன்). கடைசில பாட்டி கையாலயே பின்னி விடுறாங்க, அம்மா பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டே இருக்கா, அவ்ளோதான். புடிச்சா லைக்கோட நிறுத்தாம எந்த வரி புடிச்சுதுன்னு எழுதுங்க, காசு வாங்காம எழுதுறவங்க, அத நாலு தடவ படிப்பாங்க.