முதல் எண்ணிக்கையில் முந்தியவர் எப்படித் தோற்றார்?

கேள்வி 2018இல் அமெரிக்காவின் மெய்ன் மாநிலம், 2ஆம் காங்கிரஸ் (அந்நாட்டு நாடாளுமன்றம்) தொகுதியைப் பற்றியது. முதல் எண்ணிக்கையில் முன்னிலையில் இருந்த புரூஸ் பொலிக்வின் தோற்று, ஜாரெட் கோல்டன் ஜெயித்தார். இதில் தில்லுமுல்லு ஒன்றுமில்லை, விதியே அப்படித்தான்.

காடும் உருளைக்கிழங்கு வயலும் மீன்பிடி ஊர்களுமாக மாநிலத்தின் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டிருக்கும் தொகுதி அது. லூவிஸ்டன், பேங்கோர் தவிர நகரம் என்று சொல்லிக்கொள்ள அதிகமில்லை.

2010இல் பால் லெபாஜ் 40 சதவீதத்தைக்கூடத் தொடாமல் ஆளுநரானது பலருக்கு உறுத்தியது. 2016இல் பொதுவாக்கெடுப்பு நடத்தி விருப்ப வரிசை முறையைக் கொண்டுவந்தார்கள். வாக்காளர் ஒருவரை மட்டும் குறிக்காமல் 1, 2, 3 என்று வரிசைப்படுத்தலாம். யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால், கடைசியில் இருப்பவர்களை நீக்கி, அவர்களுடைய வாக்குகளை அடுத்த விருப்பத்துக்கு மாற்றுவார்கள்.

பொலிக்வினுக்கு 46.3 சதவீதம், கோல்டனுக்கு 45.6. மீதி இரண்டு சுயேச்சைகளுக்கு. சரி, அவர்களுக்குப் போட்டவர்களின் அடுத்த விருப்பம் யார்? பெரும்பாலும் கோல்டன்தான். சுமார் 3,500 வாக்கு வித்தியாசத்தில் அவர் வென்றார். அமெரிக்காவில் இந்த முறையால் தீர்மானிக்கப்பட்ட முதல் காங்கிரஸ் தேர்தல் இதுதான்.

பொலிக்வின் நீதிமன்றம் போனார். இந்த முறை அரசியலமைப்புக்கு விரோதம் என்ற வாதம் எடுபடவில்லை. எனக்கும் அது பலவீனமான வாதமாகவே படுகிறது. விதி வாக்குப்பதிவுக்கு முன்பே எல்லாருக்கும் தெரியும்.

வேடிக்கை என்னவென்றால், மெய்னின் ஆளுநர் பொதுத்தேர்தலுக்கு இந்த விருப்ப வரிசை முறை கிடையாது! மாநில அரசியலமைப்பு அதற்கு இடம் தரவில்லை.