இரண்டு ஏரியாவுமே நடக்க வசதி, எதில் குடியேறுவது? கேள்வி பதில்

பாதசாரிகளுக்கான தெரு அமைப்பில் 15 வருடமாக வேலை செய்கிறேன். நடைபாதை எத்தனை அடி அகலம், சாலையைக் கடக்க எத்தனை விநாடி கிடைக்கிறது, எந்த மூலையில் வெளிச்சம் இல்லை என்று தெருத்தெருவாக நடந்து குறித்து வைப்பதுதான் என் வேலை. வீடு தேடுகிறவர்கள் கேட்ட கேள்விகளும் என் பதில்களும் இங்கே.

கேள்வி: அக்கா, எனக்கு இரண்டு வீடு பிடித்திருக்கிறது. ஒன்று கடைத்தெருவை ஒட்டி, ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில். இன்னொன்று மரங்கள் நிறைந்த அமைதியான குடியிருப்பில், பூங்காவுக்கு எதிரே. வாடகை கிட்டத்தட்ட ஒன்றுதான். இரண்டு இடத்திலும் வண்டி இல்லாமல் நடந்தே சமாளிக்கலாம். மூன்று வாரமாகக் குழம்பிக்கொண்டிருக்கிறேன்.

பதில்: ஏரியாவைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள், முதலில் உங்கள் வாரத்தை எழுதுங்கள். போன வாரம் எத்தனை முறை வெளியே போனீர்கள், எங்கே, எத்தனை மணிக்கு, திரும்பும்போது கையில் என்ன சுமை இருந்தது என்று ஒரு தாளில் குறியுங்கள். நடந்ததை மட்டும் எழுத வேண்டும். "பூங்கா எதிரில் இருந்தால் தினமும் காலையில் ஓடுவேன்" என்று நிறையப் பேர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். இப்போது ஓடாதவர் வீடு மாறியதும் ஓட ஆரம்பிப்பதை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் அந்தத் தாளில் உள்ள ஒவ்வொரு இடத்துக்கும் இரண்டு வீட்டு வாசலிலிருந்தும் எவ்வளவு தூரம் என்று பாருங்கள். தினமும் போகிற இடம்தான் கணக்கை மாற்றும். ரயில் நிலையம் 300 மீட்டர் கூடுதல் தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். போக வர 600 மீட்டர். வருடத்தில் 300 நாள் போனால் 180 கிலோமீட்டர், நடையில் கிட்டத்தட்ட 37 மணி நேரம். மாதம் ஒருமுறை போகிற திரையரங்கு 2 கிலோமீட்டர் தள்ளி இருந்தாலும் இந்த அளவுக்கு வராது. ஆனால் வீடு பார்க்கப் போகும்போது திரையரங்குதான் கண்ணில் படும், அந்த 300 மீட்டர் படாது.

தூரத்தைப் பறவை பறக்கும் கோட்டில் அளக்காதீர்கள், கால் போகும் வழியில் அளங்கள். சாதாரண நடையில் 400 மீட்டர் ஐந்து நிமிடம், 800 மீட்டர் பத்து நிமிடம். தெருக்கள் குறுக்கும் நெடுக்குமாக அடிக்கடி வெட்டிக்கொள்ளும் இடத்தில் நேர்வழி சுலபமாகக் கிடைக்கும். அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகர மையத்தில் ஒரு கட்டடத் தொகுதியின் பக்கம் சுமார் 61 மீட்டர்தான், அடுத்த மூலை உடனே வந்துவிடும். சால்ட் லேக் சிட்டியில் அதுவே சுமார் 200 மீட்டர். அங்கே தவறான பக்கம் திரும்பிவிட்டால் அடுத்த திருப்பத்துக்கே மூன்று நிமிடம் நடக்க வேண்டும். உங்கள் இரண்டு ஏரியாவின் வரைபடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முட்டுச்சந்தும் நீளமான மதில் சுவரும் எதில் அதிகமோ, அதில் "பக்கத்தில்தான்" என்று சொல்லப்படுவது பக்கத்தில் இருக்காது.

கேள்வி: விளம்பரத்தில் "நிலையத்திலிருந்து 5 நிமிடம்" என்று போடுகிறார்கள். நம்பலாமா?

பதில்: யாருடைய ஐந்து நிமிடம் என்று கேட்க வேண்டும். ஜப்பானில் வீட்டு விளம்பரங்களுக்கு இதற்கென்றே விதி இருக்கிறது. சாலை வழியாக 80 மீட்டருக்கு ஒரு நிமிடம் என்று கணக்கிட வேண்டும், மிச்சம் இருந்தால் அடுத்த நிமிடத்துக்கு ஏற்றிச் சொல்ல வேண்டும். அவ்வளவு கண்டிப்பான கணக்கிலும் சிக்னலில் நிற்கும் நேரமும் மேட்டில் ஏறும் நேரமும் சேராது. அப்படி ஒரு விதியும் இல்லாத இடங்களில் விளம்பரத்தை விட்டுவிடுங்கள். வாசலில் நின்று கைபேசியில் நேரம் வைத்து நடந்து பாருங்கள், நீங்கள் வேலைக்குக் கிளம்பும் அதே நேரத்தில்.

கேள்வி: வாக் ஸ்கோரில் ஒன்று 92, இன்னொன்று 84. எட்டுப் புள்ளி பெரிய வித்தியாசமா?

பதில்: உங்களுக்கு இருக்கலாம், இல்லாமலும் போகலாம். வாக் ஸ்கோர் என்பது ஓர் இடம் நடக்க எவ்வளவு வசதி என்று நூற்றுக்குப் புள்ளி போடும் இணையக் கணக்கு. 2007-ல் வந்த இது, கடை, பள்ளி, பூங்கா போன்றவை எவ்வளவு பக்கம் என்று பார்க்கிறது. ஐந்து நிமிட நடைக்குள் இருந்தால் முழுப் புள்ளி, தூரம் கூடக் கூடக் குறைந்து, 30 நிமிடத்துக்கு மேல் போனால் ஒன்றுமில்லை. இரண்டில் ஓர் ஏரியாவில் நீங்கள் எட்டிக்கூடப் பார்க்காத கடைகள் நிறைய இருக்கலாம், அவையும் புள்ளியை ஏற்றும். நடைபாதை உடைந்திருக்கிறதா, நிழல் இருக்கிறதா, ராத்திரி விளக்கு எரிகிறதா என்பதெல்லாம் அந்த எண்ணில் தெரியாது. 90-க்கும் 40-க்கும் நடுவே முடிவெடுக்க அது உதவும். 92-க்கும் 84-க்கும் நடுவே உங்கள் கால்தான் சொல்ல வேண்டும்.

கேள்வி: அம்மாவுக்கு 71 வயது, மூட்டு வலி. எங்களோடு வந்து இருக்கப் போகிறார். நாங்கள் பார்த்த இரண்டு இடத்திலும் கடைகள் பக்கம்தான். அவருக்காக வேறு என்ன பார்க்க வேண்டும்?

பதில்: இந்தக் கேள்வியைக் கேட்டதற்கே உங்களுக்கு நன்றி. பெரும்பாலானவர்கள் தங்கள் நடை வேகத்தை வைத்து வீடு பிடித்துவிட்டு, அப்புறம் அம்மா வெளியிலேயே வருவதில்லை என்று வருத்தப்படுகிறார்கள்.

முதலில் சாலையைக் கடப்பது. பல நாடுகளில் பாதசாரி சிக்னலை விநாடிக்கு 1.2 மீட்டர் நடப்பவர்களை வைத்துத்தான் நெடுங்காலமாகக் கணக்கிட்டு வந்தார்கள். அந்த வேகத்தில் 12 மீட்டர் சாலைக்கு 10 விநாடி போதும். மூட்டு வலியோடு விநாடிக்கு 0.8 மீட்டர் நடப்பவருக்கு 15 விநாடி வேண்டும். அந்த ஐந்து விநாடி அவர் நடுரோட்டில் வண்டிகளுக்கு முன்னால் நிற்கும் நேரம். ஒருமுறை பயந்துவிட்டால் அந்தப் பக்கமே போகமாட்டார். அவர் தினமும் போகக்கூடிய கடை, கோயில், மருந்துக்கடை எல்லாம் பெரிய சாலையைக் கடக்காமல் எந்த ஏரியாவில் கிடைக்கும் என்று பாருங்கள். கடந்தே ஆக வேண்டும் என்றால், நடுவில் நின்று மூச்சு வாங்கத் திட்டு இருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்தது உட்கார இடம். மக்கள் அதிகம் நடக்கும் இடங்களில் 50 மீட்டருக்கு ஓர் இருக்கையாவது இருக்க வேண்டும் என்று பிரிட்டனின் வழிகாட்டுதல் சொல்கிறது. அந்த அளவுக்கு எல்லா ஊரிலும் கிடைக்காது. ஆனாலும் நடுவழியில் ஒரு பெஞ்சோ, உட்காரத் தோதான திண்ணையோ இருந்தால் அவர் போகும் தூரம் கூடும். சரிவையும் பாருங்கள். 20 மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏற்றம் வரை சமாளிக்கலாம். சக்கர நாற்காலிச் சரிவுக்கே 12-க்கு 1 தான் பொதுவான வரம்பு, அதைத் தாண்டிய தெரு அவருக்கு மலை.

முடிவெடுக்கும் முன் அம்மாவை இரண்டு இடத்துக்கும் கூட்டிப் போய் நடக்க விடுங்கள். நீங்கள் வழி காட்டாமல் பின்னால் போங்கள். அவர் எங்கே தயங்குகிறார் என்று பாருங்கள்.

கேள்வி: மேடம், என் வேலை முடிந்து வீடு திரும்ப ராத்திரி ஒரு மணி ஆகும். பெண். தனியாக இருக்கப் போகிறேன்.

பதில்: அப்படியென்றால் பகலில் பார்த்தது எதையும் கணக்கில் எடுக்காதீர்கள். நகர வாழ்க்கையைப் பற்றி எழுதிய ஜேன் ஜேக்கப்ஸ் 1961-லேயே இதை விளக்கியிருக்கிறார். தெருவைக் காப்பது அங்கே பார்வை வைத்திருக்கும் கண்கள். திறந்த கடை, விளக்கு எரியும் ஜன்னல், நடமாடும் மனிதர்கள். அவர் சொன்ன இன்னொன்றை மறந்துவிடுகிறோம். பெரிய பூங்கா, ரயில் பாதை, வளாகச் சுவர் இவற்றின் ஓரம் பகலில் எவ்வளவு அழகாக இருந்தாலும், ஆள் போக்குவரத்து அங்கே வந்து நின்றுவிடும். பகலில் பூங்காவை ஒட்டிய வீடு, ராத்திரி ஒரு பக்கம் முழுக்க இருட்டு.

கடைத்தெருவும் ஏமாற்றும். பத்து மணி வரை கலகலவென்று இருந்துவிட்டு, ஷட்டர் இறங்கியதும் ஓர் ஆளும் இல்லாமல் போகிற தெருக்கள் நிறைய. மேலே குடித்தனங்கள் இருக்கிற கடைத்தெருவா, வெறும் கடையும் அலுவலகமும் மட்டுமா என்று பாருங்கள். துணைக்கு ஒருவரைக் கூட்டிக்கொண்டு, இரண்டு ஏரியாவிலும் ராத்திரி ஒரு மணிக்கு நிறுத்தத்திலிருந்து வாசல் வரை நடந்து பாருங்கள். ஒரு வார நாளில் ஒருமுறை, சனிக்கிழமை ஒருமுறை. மனது எங்கே வேகமாக நடக்கச் சொல்கிறதோ அதற்கு மதிப்புக் கொடுங்கள். அதற்காக வாடகை கொஞ்சம் கூடினாலும் கொடுக்கலாம் என்பேன்.

கேள்வி: கடைத்தெரு ஏரியாதான் பிடித்திருக்கிறது, சத்தம்தான் பயம்.

பதில்: ஏரியாவை மாற்றும் முன் அறையை மாற்றிப் பாருங்கள். தெருவைப் பார்த்த படுக்கையறைக்கும் பின்பக்கப் படுக்கையறைக்கும் உள்ள வித்தியாசம், சில நேரம் இரண்டு ஏரியாவுக்கு உள்ள வித்தியாசத்தைவிடப் பெரிது. ராத்திரி சாலைப் போக்குவரத்துச் சத்தம் சராசரியாக 45 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியப் பிரிவு 2018-ல் பரிந்துரைத்தது. 10 டெசிபல் கூடினால் காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்காகக் கேட்கும். விடியற்காலை ஐந்து மணிக்கும் ஒருமுறை போய் நில்லுங்கள். சரக்கு இறக்கும் லாரியும் குப்பை வண்டியும் அப்போதுதான் வரும்.

கேள்வி: மூன்று வயதுக் குழந்தை இருக்கிறது. பூங்கா பக்கம் போவதுதானே சரி?

பதில்: பூங்காவைவிட வாசல் தெருவை முதலில் பாருங்கள். டொனால்ட் ஆப்பிள்யார்ட் என்ற ஆய்வாளர் சான் பிரான்சிஸ்கோவில் ஒரே மாதிரியான மூன்று தெருக்களை ஒப்பிட்டார். ஒன்றில் நாளுக்குச் சுமார் 2,000 வண்டி, ஒன்றில் 8,000, ஒன்றில் 16,000. வண்டி குறைந்த தெருவில் இருந்தவர்களுக்கு அதே தெருவில் சராசரியாக மூன்று நண்பர்கள் இருந்தார்கள். வண்டி நிறைந்த தெருவில் ஒருவர்கூட முழுசாக இல்லை, 0.9 தான். குழந்தை யாரோடு விளையாடும், அவசரத்துக்கு யாரிடம் விட்டுப் போவீர்கள் என்பதெல்லாம் இதில் அடங்கியிருக்கிறது. வாசலில் நின்று பத்து நிமிடம் வண்டிகளை எண்ணினாலே ஓர் அளவு கிடைக்கும்.

இதில் நானே ஒருமுறை தவறு செய்தேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் போய் ஒரு வீட்டைப் பார்த்தேன். தெருவில் பிள்ளைகள் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தார்கள், உடனே முன்பணம் கொடுத்துவிட்டேன். திங்கட்கிழமை காலையில்தான் அது பக்கத்துக் கிடங்குக்கு லாரி போகும் வழி என்று தெரிந்தது. இத்தனைக்கும் தெருவை அளப்பதுதான் என் தொழில். என் மகள் அந்த வீட்டில் இருந்த இரண்டு வருடமும் வாசலில் விளையாடவே இல்லை. அதை நினைத்தால் இன்றும் மனது கனக்கிறது. தயவுசெய்து வார நாளில் போய்ப் பாருங்கள்.

கேள்வி: இரண்டு இடமும் நடக்க வசதி என்றால் காரை விற்றுவிடலாமா?

பதில்: குடியேறி மூன்று மாதம் கழித்து. அதற்குள் எத்தனை முறை சாவியை எடுத்தீர்கள் என்று தெரிந்துவிடும். பஸ் எத்தனை நிமிடத்துக்கு ஒன்று என்பதையும் பாருங்கள். நேரம் பார்க்காமல் போய் நின்றால் பாதி இடைவெளி காத்திருக்க நேரும். பத்து நிமிடத்துக்கு ஒன்று என்றால் சராசரி ஐந்து நிமிடம், அரை மணிக்கு ஒன்று என்றால் பதினைந்து.

கேள்வி: எனக்குக் கடைத்தெரு, கணவருக்கு அமைதியான இடம். நான் அலுவலகம் போகிறேன், அவர் வீட்டிலிருந்தே வேலை. யார் விட்டுக்கொடுப்பது?

பதில்: பகல் முழுக்க அங்கே இருக்கப் போகிறவர் அவர், அதனால் அவர் குரலுக்குக் கொஞ்சம் கூடுதல் எடை கொடுப்பேன். ஆனால் ஒன்றை அவரிடமே கேளுங்கள். நாள் முழுக்கத் தனியாக வேலை பார்க்கிறவருக்குச் சாயங்காலம் நாலு முகம் பார்க்க வேண்டும்போல இருக்கும். அமைதி வேண்டும் என்று அவர் சொல்வது வீட்டுக்குள்ளா, தெருவிலா? வீட்டுக்குள் என்றால் கடைத்தெருவுக்கு ஒரு தெரு பின்னால், பின்பக்க அறையுள்ள வீடு உங்கள் இருவருக்கும் பொருந்தும். தெருவில் என்றால், உங்கள் அலுவலகப் பாதையில் அமைதியான ஏரியா எத்தனை நிமிடம் கூட்டுகிறது என்று அளந்துவிட்டு உட்கார்ந்து பேசுங்கள்.

கேள்வி: நீங்கள் சொன்ன எல்லாவற்றையும் செய்துவிட்டேன் அக்கா. தாள், தூரம், ராத்திரி, விடியற்காலை, எல்லாம். இரண்டும் சமமாகவே நிற்கிறது.

பதில்: மழை பெய்யும் நாளில் போனீர்களா? அடுத்த மழை விட்ட அரை மணி நேரத்தில் இரண்டு இடத்திலும் வாசலிலிருந்து நிறுத்தம் வரை நடந்து வாருங்கள். தண்ணீர் எங்கே தேங்குகிறது, நடைபாதையிலிருந்து எத்தனை முறை சாலையில் இறங்க வேண்டியிருந்தது என்று எண்ணி எனக்கு எழுதுங்கள்.