சைக்கிள் கேள்வி பதில்: பாரலாச்சாவைத் தாண்டும் நாள்

ஜூலையில் நண்பர்களோடு மணாலியிலிருந்து லே வரை சைக்கிளில் போகிறோம். பாரலாச்சா கணவாயில் காலையில் வெயில், மதியம் பனி என்கிறார்கள். அந்த ஒரு நாளை எப்படிச் சமாளிப்பது?
- வாசகர், ஈரோடு

முந்தைய இரவு எங்கே தூங்குகிறீர்கள் என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது. கணவாய்க்கு இந்தப் பக்கம் இருக்கிற ஜிஸ்பாவிலிருந்து ஒரே மூச்சில் ஏறி, அந்தப் பக்கம் இருக்கிற சர்ச்சு போய்விடலாம் என்று பலரும் திட்டம் போடுகிறார்கள், வேண்டாம். ஜிஸ்பா சுமார் 3,200 மீட்டர், கணவாயின் உச்சி கிட்டத்தட்ட 4,890. சுமையோடு அவ்வளவு ஏறி முடிக்கும்போது மாலையாகிவிடும், காற்றும் மேகமும் அங்கே மோசமாக இருக்கிற நேரமே அதுதான். கேலாங்கிலோ ஜிஸ்பாவிலோ கூடுதலாக ஒரு நாள் இருந்து உடம்பைப் பழக்கிக்கொண்டு, தார்ச்சா வழியாக சிங்சிங்பார் வரை போய் அங்கே கூடாரத்தில் தங்குங்கள். மறுநாள் விடிந்ததும் கிளம்பினால் மதியத்துக்குள் உச்சியைத் தாண்டிவிடலாம்.

சீக்கிரம் கிளம்பச் சொல்வதற்கு இன்னொரு காரணம் ஓடைகள். வெயில் ஏற ஏற மேலே பனி உருகி, சாலைக்குக் குறுக்கே ஓடும் தண்ணீரும் ஏறும். காலையில் கணுக்கால் அளவு இருந்த இடத்தில் மதியம் முழங்கால் வரை வந்துவிடும், அடியில் உருளும் கற்கள் வேறு. ஷூவையும் சாக்ஸையும் கழற்றி வைத்துவிட்டு, வார் வைத்த செருப்போடு இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். அந்தக் குளிரில் ஒருமுறை நனைந்த ஷூ அன்றைக்குக் காயவே காயாது.

உச்சிக்குச் சற்றுக் கீழே சூரஜ் தால் ஏரி வரும், பாகா நதி பிறக்கிற இடம். அதுவரை நீலமாக இருந்த வானம் அங்கே சட்டென்று மூடிக்கொண்டு ஆலங்கட்டியோ பனியோ கொட்டலாம். இடிச் சத்தம் கேட்டால் யோசிக்காமல் சிங்சிங்பாருக்குத் திரும்பிவிடுங்கள்.

நான் ஏற்றத்தைவிட இறக்கத்துக்குத்தான் பயப்படச் சொல்வேன். மணிக்கு 5, 6 கிலோமீட்டர் வேகத்தில் வியர்த்து விறுவிறுத்து ஏறியிருப்பீர்கள், உச்சியில் போட்டோ எடுத்துக்கொண்டு நின்றால் அந்த வியர்வையே உடம்பைக் குளிர வைத்துவிடும். போட்டோ அப்புறம். முதலில் பிளாஸ்டிக் கவரில் கட்டி வைத்திருந்த காய்ந்த பனியனை மாற்றுங்கள், நெஞ்சுக்கும் ஜெர்கினுக்கும் நடுவே ஒரு செய்தித்தாளைச் செருகுங்கள், காற்று ஏறாது. கம்பளிக் கையுறைக்கு மேலே பெரிய சைஸில் பாத்திரம் தேய்க்கும் ரப்பர் கையுறை ஒன்றை மாட்டிக்கொள்ளுங்கள். விரல் மரத்துப்போனால் பிரேக்கைப் பிடிக்க முடியாது, அங்கே சரளைக்கல் வளைவுகள் காத்திருக்கின்றன. கீழே பரத்பூர் கூடாரக் கடைகளில் நின்று சூடாக எதையாவது சாப்பிட்டுவிட்டு சர்ச்சுவுக்கு மிதியுங்கள்.

மழைக்கு போஞ்சோ போதுமா?
- வாசகி, திருநெல்வேலி

போதாது. தலை வழியாக மாட்டிக்கொள்ளும் தொளதொள மழை அங்கிதானே போஞ்சோ, கணவாய்க் காற்றில் அது பாய்மரம் மாதிரி உப்பி சைக்கிளையே சாய்த்துவிடும். உடம்போடு ஒட்டிய மழை ஜெர்கினும் பேண்ட்டும் வாங்குங்கள்.

மேலே தலைவலி வந்தால், உயரத்தில் வரும் மலை நோய்க்கான டயாமாக்ஸ் மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஏறலாமா?
- வாசகர், தஞ்சாவூர்

அந்த மாத்திரையை ஊரிலிருந்து கிளம்பும் முன்பே டாக்டரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள், சல்ஃபா மருந்து ஒவ்வாமை இருந்தால் கட்டாயம் சொல்லிவிடுங்கள். ஆனால் தலைவலியோடு ஏறவே கூடாது, மாத்திரை போட்டாலும்தான். ஏனென்றால் சர்ச்சுவே சுமார் 4,300 மீட்டரில் இருக்கிறது. அங்கே போய் முடியாமல் படுத்தால், பின்னால் பாரலாச்சா, முன்னால் நக்கீ லா என்ற இன்னொரு கணவாய், எந்தப் பக்கம் போனாலும் ஏறித்தான் ஆக வேண்டும். அதனால் முடிவை சிங்சிங்பாரிலேயே எடுத்துவிடுங்கள். காலையில் எழும்போது தலைவலி இருந்தால் அன்று ஏற வேண்டாம். வாந்தி, நடையில் தள்ளாட்டம், சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சிரைப்பு, இவற்றில் எது வந்தாலும் காத்திருக்காதீர்கள், ராத்திரியானாலும் சரி, கிடைக்கிற லாரியிலோ ஜீப்பிலோ ஏறி கேலாங்குக்கு இறங்கிவிடுங்கள்.