மூன்று வழக்குகள் தள்ளுபடி: சிறைக் கைதி இனி நீதிமன்றம் போகவே முடியாதா?

கேள்வி: என் தம்பி அமெரிக்காவில் ஒரு மாநிலச் சிறையில் இருக்கிறான். சிறை நிர்வாகத்தின் மீது அவனே எழுதிப் போட்ட மூன்று வழக்குகளும் தள்ளுபடியாகிவிட்டன. சர்க்கரை நோயாளியான அவனுக்கு இப்போது இன்சுலின் ஒழுங்காகக் கிடைப்பதில்லை. நான்காவது வழக்கை நீதிமன்றம் ஏற்காது என்று உடனிருப்பவர்கள் சொல்கிறார்களாம். உண்மையா?

பதில்: பாதி உண்மை. 1996-இல் வந்த சிறை வழக்குகள் சீர்திருத்தச் சட்டம் கைதியின் வழக்குரிமையைப் பறிக்கவில்லை. குறிப்பிட்ட காரணங்களுக்காக மூன்று வழக்குகள் தள்ளுபடியானால், கையில் காசில்லாத கைதி நீதிமன்றக் கட்டணத்தைத் தவணையில் செலுத்தும் சலுகையைத்தான் பறிக்கிறது. சலுகை இருந்தால் 350 டாலரைச் சிறுகச் சிறுகக் கட்டலாம். இல்லையென்றால் 405 டாலரை முதலிலேயே கட்ட வேண்டும். சிறைக்கூலியை நம்பியிருப்பவருக்குச் சலுகையைப் பறிப்பதும் வழக்குரிமையைப் பறிப்பதும் ஒன்றுதானே என்று நீங்கள் கேட்டால், என்னிடம் மறுப்பில்லை.

ஆனால் அந்த மூன்றும் உண்மையிலேயே கணக்கில் சேருமா என்று முதலில் பாருங்கள். தீர்ப்பு நகல்களை வரவழைத்து, தள்ளுபடிக்கு நீதிபதி என்ன காரணம் எழுதியிருக்கிறார் என்று வரிவரியாகப் படியுங்கள். அற்பமானது, தீய நோக்கம் கொண்டது, நிவாரணம் கோர முகாந்திரம் இல்லாதது: இந்த மூன்று காரணங்களுக்காக ஃபெடரல் (மத்திய அரசின்) நீதிமன்றங்கள் தள்ளியவை மட்டுமே சேரும். மாநில நீதிமன்றத்தில் தோற்றது சேராது. ஆட்கொணர்வு மனுவும் சேராது. வழக்கின் ஒரு பகுதி தள்ளப்பட்டு மறுபகுதி விசாரணைக்குப் போயிருந்தால், பெரும்பாலான மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் அதைக் கணக்கில் எடுப்பதில்லை. மேல்முறையீடு நிலுவையில் இருக்கிறது என்ற சமாதானம் மட்டும் எடுபடாது. அதுவும் சேரும் என்று உச்ச நீதிமன்றம் 2015-இல் சொல்லிவிட்டது. திருத்தி மீண்டும் போடலாம் என்று விட்டுவைத்த தள்ளுபடியும், முகாந்திரம் இல்லை என்பதற்காக என்றால், சேரும் என்று 2020-இல் தீர்ப்பாகியது. வீம்புக்கு வழக்குப் போடுகிறவனையும் மனு எழுதத் தெரியாதவனையும் ஒரே தராசில் நிறுத்தும் தீர்ப்பு அது என்பது என் கருத்து.

மூன்றும் சேர்ந்துவிட்டாலும் உங்கள் தம்பிக்கு ஒரு வழி இருக்கிறது. உடலுக்குக் கடும் கேடு விளையும் அபாயம் நெருங்கியிருந்தால் சலுகை மீண்டும் கிடைக்கும். மனு போடும் நாளில் அந்த அபாயம் இருக்க வேண்டும் என்பதே நீதிமன்றங்கள் பார்க்கும் அளவுகோல். போன வருடம் காவலர் அடித்தார் என்பது போதாது. 'என் உயிருக்கு ஆபத்து' என்று மொட்டையாக எழுதினாலும் தள்ளிவிடுவார்கள். எந்தெந்தத் தேதிகளில் ஊசி கிடைக்கவில்லை, அன்று சர்க்கரை அளவு என்ன, மயக்கம் வந்ததா, எந்தச் செவிலியரிடம் சொன்னான், அவர் என்ன பதில் சொன்னார் என்று எழுதட்டும். பழைய பகைகளை இந்த மனுவில் இழுக்கவே வேண்டாம்.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். சலுகை என்றாலும் கட்டணம் தள்ளுபடி ஆவதில்லை. சிறைக் கணக்கில் பத்து டாலருக்கு மேல் இருக்கும்போதெல்லாம், முந்தைய மாத வரவில் 20 சதவீதம் பிடிப்பார்கள். நீங்கள் அனுப்பும் பணமும் அந்த வரவில் அடங்கும். இரண்டு வழக்கின் கட்டணம் பாக்கி என்றால் 40 சதவீதம். 2016-இல் உச்ச நீதிமன்றமே இப்படித்தான் கணக்குச் சொன்னது. வழக்குத் தோற்றாலும் பிடித்தம் நிற்காது. முழுக் கட்டணத்தையும் குடும்பத்தார் கட்டிவிட்டால் மூன்று வழக்குத் தடையே குறுக்கே வராது.

முன் அனுமதி இல்லாமல் புது மனு போடக் கூடாது என்று நீதிபதி தனியாக உத்தரவிட்டிருந்தால் அது வேறு விவகாரம். அந்த உத்தரவில் சொன்னபடி அனுமதி கேட்டுத்தான் போட வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முன், சிறைக்குள் இருக்கும் முறையீட்டுப் படிகளை அவன் முடித்தாக வேண்டும். அவசரம் என்பதற்காக இந்த நிபந்தனை தளராது. பல சிறைகளில் அவசர முறையீட்டுக்குத் தனி வழி உண்டு. இன்றே படிவத்தைக் கொடுத்து, நகலைத் தன்னிடம் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.