சப்நெட்டிங் கணக்குக்கு அஞ்சித் துறையை மாற்ற வேண்டாம்

மதிப்பிற்குரிய ஐயா,

சிஸ்கோ நிறுவனத்தின் கணினி வலையமைப்புச் சான்றிதழுக்கான சி.சி.என்.ஏ. தேர்வுக்குப் படிக்கும் தங்கள் மகள் சப்நெட்டிங்கில், அதாவது ஒரு வலையமைப்பைச் சிறு பகுதிகளாகப் பிரிக்கும் கணக்கில், தடுமாறுவதால் அவரை வேறு துறைக்கு மாற்றிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மாற்ற வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. இதற்குத் தேவையான கணிதம் இரண்டின் அடுக்குகளுக்கு மேல் போவதில்லை. அந்தக் கணக்கை எதற்காகப் போடுகிறோம் என்று புரியாமல் அட்டவணையை மனப்பாடம் செய்வதுதான் பெரும்பாலான மாணவர்களைக் குழப்புகிறது.

தாங்கள் பழகிய தரைவழித் தொலைபேசி எண்ணையே எடுத்துக்கொள்வோம். முன்னால் வரும் சுழியத்தை நீக்கினால், எஸ்.டி.டி. குறியீடும் உள்ளூர் எண்ணும் சேர்ந்து 10 இலக்கங்கள். சென்னையின் குறியீடு 44 என்பதால் உள்ளூர் எண்ணுக்கு 8 இலக்கங்கள் கிடைக்கின்றன. மதுரையின் குறியீடு 452 என்பதால் 7 மட்டுமே மிஞ்சுகின்றன. வலையமைப்பில் ஒவ்வொரு கணினியையும் அடையாளம் காட்டும் எண்ணான ஐ.பி. முகவரியின் 32 பிட்டுகளிலும் (0 அல்லது 1 என்ற இலக்கங்களிலும்) இதே பங்கீடுதான் நடக்கிறது. வலையமைப்புக்கு எத்தனை பிட், கணினிக்கு எத்தனை பிட் என்பதைச் சொல்வதே சப்நெட் மாஸ்க்.

மாஸ்க்கின் நான்கு எண்களும் தலா 8 பிட்டுகள்; அவற்றை 0, 1 ஆக எழுதினால் 1 வரும் இடங்கள் வலையமைப்புக்கு உரியவை. 255 என்பது எட்டு 1கள், 192 என்பது 11000000. ஆகவே 255.255.255.192 என்றால் 26 பிட்டுகள் வலையமைப்புக்குப் போய், கணினிகளுக்கு 6 மிஞ்சும். அதாவது இரண்டின் ஆறாம் அடுக்கான 64 முகவரிகள். முதலாவது வலையமைப்பையே குறிப்பதாலும் கடைசியானது பிராட்காஸ்டுக்கு, அதாவது எல்லாக் கணினிகளுக்கும் ஒரே நேரத்தில் அனுப்புவதற்கு, உரியது என்பதாலும் பயன்படுத்தக்கூடியவை 62. கடைசி எண்ணின் எல்லைகள் 64 64ஆக 0, 64, 128, 192 என நகர்வதால், 192.168.10.77 என்ற முகவரி 64க்கும் 127க்கும் இடைப்பட்ட பகுதியைச் சேர்ந்தது.

இந்த எல்லையை வைத்தே, அனுப்ப வேண்டிய தகவல் தன் வலையமைப்புக்குள் இருக்கும் கணினிக்குப் போகிறதா, வெளி வலையமைப்புகளுக்கான வாயிலாகிய கேட்வேயிடம் ஒப்படைக்க வேண்டியதா என்று ஒவ்வொரு கணினியும் முடிவு செய்கிறது. ஓர் அலுவலகம் முழுவதும் 255.255.255.0 மாஸ்க்கும் 192.168.10.1 கேட்வேயும் இருக்க, முகவரி 77 என முடியும் கணினியில் மட்டும் தவறுதலாக 192 என்று முடியும் மாஸ்க்கைக் கொடுத்துவிட்டால், அதற்கு 100 என முடியும் கணினி கிடைக்கும், 130 என முடிவது கிடைக்காது, கேட்வேயே எல்லைக்கு வெளியே போய்விடுவதால் இணையமும் கிடைக்காது. வேலைக்குச் சேர்ந்தபின் தங்கள் மகள் தீர்க்கவேண்டிய சிக்கல்கள் இத்தகையவைதாம். வலையமைப்புகளைத் திரையிலேயே அமைத்துப் பழக உதவும் சிஸ்கோவின் பாக்கெட் டிரேசர் மென்பொருளில் இந்தப் பிழையை அவரே உருவாக்கித் திருத்திப் பார்க்கட்டும்.

தேர்வறைக்குள் கால்குலேட்டருக்கு அனுமதி இல்லை. ஆகவே நாள்தோறும் ஐந்து கணக்குகளையாவது தாளில் போட்டுப் பழகுவது நல்லது. முதல் கணக்கை நானே தருகிறேன்: 172.16.5.200, மாஸ்க் 255.255.255.240. இதன் எல்லைகளைக் கண்டுபிடித்து, வந்த வழியையும் சேர்த்து எனக்கு எழுதச் சொல்லுங்கள்.